இடது பக்கம் ஆள் இல்லை

வெள்ளாடாக நிற்க ஒருத்தரும் கிடைக்கவில்லை. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அந்தச் சபையில் மூன்று பாஷை பேசுகிற ஜனம் உண்டு. லேத் ஓட்டுகிறவர், தக்காளி ஏற்றுகிறவர், நர்ஸம்மா, வாட்ச்மேன் என்று எல்லா ரகமும் உண்டு. வெள்ளாடு மட்டும் இல்லை. யாரைக் கேட்டாலும் செம்மறி.

விஷயம் இதுதான். சபையின் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போட ஞாயிறு பள்ளி டீச்சர் சுமலதா துணிந்துவிட்டாள். வழக்கமாகக் குழந்தைகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேய்ப்பர்களாக வந்து, பாதி நாடகத்தில் அம்மாவைத் தேடி அழும். "இந்த வாட்டி பெரியவங்க நடிக்கட்டும், கடைசி நியாயத்தீர்ப்பு போட்டுடலாம்" என்றாள் சுமலதா. ராஜா வந்து சிங்காசனத்தில் உட்காருவார். மந்தையைப் பிரிப்பதுபோல் ஜனங்களைப் பிரிப்பார். செம்மறிகள் வலது பக்கம், அவர்களுக்கு வாழ்வு. வெள்ளாடுகள் இடது பக்கம், அவர்களுக்குத் தண்டனை. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

ராஜா யார் என்பதில் போட்டியே இல்லை. பாக்கியநாதன்தான். ஆள் பனைமரத்துக்குப் பாதி உயரம், குரல் ஷிப்ட் சங்குக்கு முழு உயரம். கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஸ்கூட்டர் பிரேக்குக்குப் போகிற சாமான்களை அளந்து பார்த்து, சரியில்லாததன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. அந்த ஸ்டிக்கர் தாள் ஞாயிற்றுக்கிழமை கூட அவர் சட்டைப் பையில் இருக்கும். மாவு புளித்துப் போனால் இட்லிக் குண்டான் மேல் ஒன்று ஒட்டுவார். பிரசங்கம் நீண்டால் கை தானாகப் பையைத் தடவும். 'ரிஜெக்ட் பாக்கியம்' என்று ஊரே கூப்பிட்டது. அடேங்கப்பா, அதில் அவருக்கு இருந்த பெருமை!

"தீர்ப்பு சொல்றதுக்கு உங்கள வுட்டா யாருண்ணா?" என்று சுமலதா கேட்டபோது, "அதுவும் சரிதான்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் வில்லங்கம். செம்மறி வேஷத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னதும் மொத்தச் சபையும் கையைத் தூக்கியது. வெள்ளாட்டுக்கு என்றதும் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். பொருளாளர் அருளப்பா எழுந்து நின்றே விட்டார். "நான் இந்தச் சபைக்குச் செங்கல் சுமந்தவன். என்னியப் போய் இடது பக்கம் நிக்கச் சொன்னா அது ஆண்டவருக்கே அடுக்காது." தையல்கடை நாராயணம்மா, "எம் பையனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கோம். சம்பந்தி வூட்டாரு நாடகம் பாக்க வராங்க. நான் நரகத்துக்குப் போனா பொண்ணு குடுப்பாங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஒத்திகையில் வலது பக்கம் நெருக்கித் தள்ளி நின்றார்கள். மேடைப் பலகை முனகியது. இடது பக்கம் காலியாகக் கிடந்தது, காற்றுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும் புரண்டது.

"இடது பக்கம் ஆளே இல்லன்னா ராஜா யாருக்குத் தீர்ப்பு சொல்வாரு?" சுமலதா அழாத குறை. கடைசியில் முனைக்கடை லால் பாஷாவிடம் போனாள். ஆட்டு வியாபாரி, நல்ல மனுஷன். "நெஜ வெள்ளாட்டயே அனுப்பறம்மா. அதுங்க வேஷம் வேணாம்னு சொல்லாது" என்றார். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

பாக்கியநாதன் வீட்டுப் பிரச்சினைதான் தீரவில்லை.

மகள் யுவஸ்ரீக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தை பிறந்தால் கல்யாணம். சபை, ஜெபம் எல்லாம் ஒரு பக்கம் இருந்தாலும், தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் மணப்பெண் மேடையேறுவது இந்தப் பக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. தாய்மாமன் மாதேஷ் இந்த வீட்டுப் படியேறி ஆறேழு மாசம் ஆகிறது. அவன் வராதவரை பாக்கியநாதனின் மனைவி பவளம் புருஷனிடம் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். சமைப்பாள், துவைப்பாள், பேசமாட்டாள். "யுவா, உங்கப்பாவுக்குச் சோறு போட்டாச்சுன்னு சொல்லு" என்பாள். யுவஸ்ரீ வேலைக்குப் போயிருந்தால் குக்கரிடம் சொல்வாள். "குக்கரே, ரசம் ஆறிப் போவுது." பாக்கியநாதனும் குக்கருக்குப் பதில் சொல்லப் பழகிவிட்டார்.

மாதேஷ் ராயக்கோட்டை ரோட்டில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தவன். மாமா கம்பெனிக்கு பிரேக் லீவருக்கான புஷ், அதாவது நடுவில் துளை போட்ட சின்ன இரும்பு உருளை, கடைந்து கொடுத்தான். வந்த சரக்கை பாக்கியநாதன் அளந்தார். அளவுக் கம்பியில் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. போகக் கூடாத முனை சுகமாக உள்ளே போய்விட்டது. மச்சான் என்று பார்க்கவில்லை, மொத்தச் சரக்கையும் ரிஜெக்ட் செய்தார். கம்பெனி ஆர்டரை நிறுத்தியது. இதில் ஒரு தப்பும் இல்லை. பிரேக் விஷயம். நாளைக்கு எந்த வீட்டுப் பிள்ளையோ அந்த வண்டியில் போகும்.

தப்பு சாயங்காலம் நடந்தது. மாதேஷ் வீட்டுக்கு வந்தான். சரக்கைப் பாஸ் பண்ணச் சொல்லிக் கேட்கவில்லை. "மாமா, துளை பெருசுதான். என் கை தவறிடுச்சு. ஒரு வாரம் டைம் வாங்கிக் குடுங்க, பூராவும் புதுசா கடைஞ்சு தரன்" என்றான். பாக்கியநாதனுக்கு மேனேஜர் முன்னால் அன்று தலை குனிய நேர்ந்த எரிச்சல். வாசலில் அக்கம்பக்கத்தார் நாலு பேர் நிற்கிறார்கள் என்பதும் தெரியும். பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை உரித்தார், மாதேஷின் சட்டை மேல், நெஞ்சில், பட்டென்று ஒட்டினார். "சரக்கு மட்டுமில்ல, நீயே ரிஜெக்ட்தான்டா. போ."

மாதேஷ் குனிந்து அதைப் பார்த்தான். உரிக்கவில்லை. அப்படியே போய்விட்டான். பவளம் உள்ளே சப்பாத்தி திரட்டிக்கொண்டிருந்தாள், கட்டையைக் கீழே வைத்தாள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

'நான் பண்ணது சரிதானே' என்று பாக்கியநாதன் அன்றிலிருந்து தினமும் தனக்குள் சொல்லிக்கொள்வார். சரியாக இருக்கிறவன் எதற்குத் தினமும் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அவரை யாரும் கேட்கவில்லை.

ஒத்திகை முடிந்த ஒரு நாள் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டார். பாஸ்டர் திருநெல்வேலிப் பையன், பாக்கியநாதனுக்குப் பாதி வயசு. நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், ஒரு டவுட்டு. ராஜாவுக்கு எல்லா அதிகாரமும் இருக்குதில்ல? அப்ப எல்லாரையும் வலது பக்கமே அனுப்பிட்டாப் போச்சு. எதுக்கு இந்தப் பிரிக்கற வேலை?"

"உங்க கம்பெனில எல்லாத்தையும் பாஸ் போட்டா என்னாகும் அண்ணாச்சி?"

"பிரேக் புடிக்காது."

"அம்புட்டுதான். தப்பத் தப்புன்னு சொல்லாத ராஜா, ராஜாவே இல்ல."

பாக்கியநாதனுக்கு உள்ளம் குளிர்ந்தது. "அதத்தான் பாஸ்டர் நானும் வூட்ல சொல்றன்" என்று ஆரம்பித்தார். பாஸ்டர் அடுத்த நாற்காலியை மடக்கிக்கொண்டே தொடர்ந்தார்.

"இருங்க, முடிக்கல. தீர்ப்பு சொல்லுத அதிகாரமும் அவருக்குத்தான். சொன்ன தீர்ப்பத் தானே எறங்கி வந்து சொமக்குத அதிகாரமும் அவருக்குத்தான். அதத்தான சிலுவைல செஞ்சாரு? ரெண்டு பாதியும் ஒருத்தர்கிட்டயே இருக்கு, அதான் அவரு ஆண்டவரு. நாம மொத பாதிய மட்டும் எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிருதோம்." பிறகு, "அந்த நாற்காலியக் கொஞ்சம் எடுங்க" என்றார்.

பாக்கியநாதன் நாற்காலியை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். சின்னப் பையன், என்னத்தையோ பேசுகிறான் என்று நினைக்கப் பார்த்தார். முடியவில்லை. குக்கர் அன்று எதுவும் சொல்லவில்லை.

விழா நாள் வந்தது. மத்தியானம் பிரியாணி முடிந்து ஜனம் ஏப்பத்தோடு உட்கார்ந்திருந்தது. பாக்கியநாதனுக்கு வாடகைக் கடையிலிருந்து நீல வெல்வெட் அங்கி, ஜிகினா கிரீடம், காலருக்குக் கீழே ஒரு மைக். அங்கிக்குள் வழக்கமான சட்டைதான், சட்டைப் பையில் வழக்கமான தாள்தான். சிங்காசனம் என்பது பொருளாளர் வீட்டு சோபா, அதற்குச் சாமந்தி மாலை சுற்றியிருந்தார்கள். வலது பக்கம் செம்மறிகள் வெள்ளை வேட்டி, வெள்ளைப் புடவையில் மேடை பிதுங்க நின்றன. பவளமும் அங்கே கடைசி வரிசையில் நின்றாள். அருளப்பா முன்வரிசையில், கூப்பிடும் முன்னாலேயே சொர்க்கத்துக்குக் கிளம்பத் தயாராக ஒரு காலை எடுத்து வைத்திருந்தார்.

இடது பக்கம் இன்னும் காலி. ஆடு வரவில்லை. சுமலதா திரைக்குப் பின்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு துடித்தாள்.

ஒருவழியாக வெளியே லோடு ஆட்டோ வந்து நின்றது. "பாஷா பாய் அனுப்பினாருங்க" என்று ஒரு குரல். நாலு வெள்ளாடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு டிரைவர் மேடையேறினான். ஆடுகளைக் கட்டக் கம்பம் ஏதும் இல்லாததால் சுமலதா அவனைக் கையைப் பிடித்து இழுத்து, "நீங்களே புடிச்சுக்கினு இங்கயே நில்லுங்கண்ணா, பத்தே நிமிஷம்" என்று இடது பக்கத்தில் நிறுத்திவிட்டு ஓடினாள்.

டிரைவர் நிமிர்ந்தான். மாதேஷ்.

ஆர்டர் போன பிறகு லேத்தை விற்றுவிட்டு லோடு ஆட்டோ ஓட்டுகிறான் என்று பாக்கியநாதன் காதில் விழுந்திருந்தது. யாருக்கு ஓட்டுகிறான் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நாடகத்தில் ராஜா யார் என்று மாதேஷிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை. மாமாவும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வலது பக்கத்தின் கடைசி வரிசையில் பவளம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

திரை விலகிவிட்டது, இனி என்ன செய்வது. பாக்கியநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு வலது பக்கம் திரும்பினார். "வாருங்கள்! உங்களுக்காக ஆதியிலேயே ஆயத்தம் செய்த வீட்டுக்குள் வாருங்கள்!" தகரக் கூரை அதிர்ந்தது. "ஆமென்!" என்று அருளப்பா அடிவயிற்றிலிருந்து கத்தினார். ஒரு வெள்ளாடு பயந்து போய் மாதேஷின் காலைச் சுற்றியது.

அடுத்து இடது பக்கம். ராஜா திரும்பினார். நாலு ஆடு, ஒரு மச்சான். சொல்ல வேண்டிய வசனம் ரொம்பச் சின்னது. 'என் முன்னால் நிற்காதீர்கள், போங்கள்.' அவ்வளவுதான். வாய் திறக்கவில்லை.

ராஜாவுக்கு வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து சுமலதா திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "போங்கள்! போங்கள்!"

மாதேஷ் அது தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டான். "போறங்க. ஆட்ட யாரு புடிக்கறது?" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாராயணம்மாவின் சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அண்ணா, நீங்க இல்ல! ராஜா சொல்லணும்! ராஜாண்ணா, சொல்லுங்க, போங்கள்!"

மாதேஷ் பாக்கியநாதனைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான், பாழாய்ப்போன மைக் அதையும் பிடித்துவிட்டது. "சொல்லுங்க மாமா. ஏற்கெனவே ஒரு வாட்டி சொன்னதுதானே. அன்னிக்கு மைக் இல்ல, அவ்ளோதான்."

சிரிப்பு அடங்கியது. விஷயம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களின் காதில் கிசுகிசுத்தார்கள். பாக்கியநாதன் 'நான் பண்ணது சரிதானே' என்று தினப்படி வசனத்தை எடுத்துப் பார்த்தார். இன்றைக்கு அது ஒட்டவில்லை. புஷ் சரியில்லை, சரி. இவன் என்ன புஷ்ஷா? யுவாவுக்குக் காது குத்தும்போது அவளை மடியில் வைத்திருந்தவன் அல்லவா? அந்த சோபாவில் உட்கார்ந்திருக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்தார். அங்கிக்குள் கையை விட்டுச் சட்டைப் பையைத் துழாவினார். சிவப்பு ஸ்டிக்கர் தாளை எடுத்தார். மாதேஷ் அரை அடி பின்வாங்கினான். 'அடப்பாவி மனுஷா, மறுபடியுமா' என்று பவளம் ஓரடி முன்னால் வந்தாள்.

பாக்கியநாதன் ஒன்றை உரித்தார். தன் நீல வெல்வெட் அங்கியின் நெஞ்சில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். சிங்காசனத்தை விட்டு இறங்கினார். இடது பக்கம் நடந்துபோய் மாதேஷுக்குப் பக்கத்தில் நின்று, அவன் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"அண்ணா! இது கதையில இல்ல!" சுமலதா தலையில் அடித்துக்கொண்டாள்.

கீழே கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து பாஸ்டர் குரல் கொடுத்தார். "இருக்கு, இருக்கு. நீங்க நடத்துங்க."

மாதேஷ் மாமாவின் நெஞ்சிலிருந்த ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தான், அன்று தன் நெஞ்சைப் பார்த்தானே, அதே மாதிரி. "ஒட்டினா தேதி போட்டுக் கையெழுத்து போடணுமே மாமா. நீங்கதானே சொல்லுவீங்க" என்றான்.

"பேனா இல்லடா." பாக்கியநாதன் பையைத் தடவிப் பார்த்தார். "மாதேஷு, அந்தச் சரக்கு ரிஜெக்ட்தான். அதுல மாத்தமில்ல."

"தெரியும் மாமா. துளை பெருசு. நானே அளந்து பாத்தன்."

"ஆனா உம்மேல ஒட்டினது அநியாயம். எனக்கு அந்த அதிகாரம் யாரு குடுத்தது? அன்னிக்கே எறங்கி வந்து உன் பக்கத்துல நின்னுருக்கணும். ரெண்டு பேருமா உக்காந்து புதுசா கடைஞ்சிருக்கலாம். நான் நிக்கல. என்னிய மன்னிச்சிடு."

மாதேஷ் வெல்வெட்டில் ஒட்டியிருந்ததை நகத்தால் நெம்பிப் பார்த்தான். "வராது மாமா. உங்க கம்பெனி கோந்து அப்படி. என் சட்டையிலயும் இன்னும் இருக்குது. யுவா கல்யாணத்துக்கு அதையே போட்டுக்கினு வந்து கடைசிப் பந்தியில உக்காரலாம்னு இருந்தன்."

பாக்கியநாதன் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். கிரீடம் சரிந்தது. மைக் எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது.

வலது பக்கத்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பவளம் வந்தாள். புருஷன் முன்னால் நின்றாள். யுவஸ்ரீயிடம் சொல்லவில்லை, குக்கரிடம் சொல்லவில்லை.

"கிரீடம் கோணலா இருக்குதுங்க" என்றாள்.

அதை நேராக்கிவிட்டு, தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்து, இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அங்கே வலது பக்கத்தில் ஒரு சலசலப்பு. "இன்னாய்யா இது, ராஜாவே அந்தப் பக்கம் போயிட்டாரு. நமக்கு இங்க இன்னா வேலை?" என்று அருளப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னால் நாராயணம்மா, அவளுக்குப் பின்னால் மொத்தச் சபை. சம்பந்தி வீட்டார் எழுந்து நின்று கை தட்டினார்கள். இடது பக்கத்துப் பலகை அலறியது. இந்த அமளியில் கயிற்றிலிருந்து நழுவிய ஒரு வெள்ளாடு ஏறிப்போய் சிங்காசனத்துச் சாமந்தி மாலையை நிதானமாகத் தின்றது. அதைத் துரத்த வலது பக்கம் ஒருத்தரும் இல்லை.

மாதேஷ் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாலைன்னதும்தான் ஞாபகம் வருது. பொண்ணு மாலை நான்தானே மாமா எடுத்துத் தரணும்? தளிப் பக்கத்துத் தோட்டத்துல ரோஜா நல்லாருக்குது. நாளைக்கே சொல்லி வச்சிடட்டுமா? வண்டிதான் நம்பளுதே."

பாக்கியநாதன் தலையை ஆட்டினார், கிரீடம் மறுபடி கோணியது. நெஞ்சில் சிவப்பு ஸ்டிக்கரோடு, மீதி மூன்று ஆடுகளின் கயிற்றையும் மச்சான் கையையும் சேர்த்துப் பிடித்தபடி அங்கேயே நின்றார். சுமலதா திரையை இழுத்து மூடிய பிறகும் அவர் விடவில்லை.